பொம்மைக் கார்களும் நானும்: ஆசை சுமையானபோது

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில், செஞ்சியைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இதழில் தன் பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.)



ஜமாஅத் பெரியவர்களே, அறக்கட்டளை நிர்வாகிகளே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, முன்வரிசையில் உட்கார்ந்து இப்போதே கொட்டாவி விடும் தம்பிமார்களே,

சென்ற மாதம் இதே இடத்தில் டாக்டர் வந்து சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார். அதற்கு முந்தைய மாதம் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இன்று நாற்பத்தேழு வயது ஆள் ஒருவன் எழுந்து நின்று பொம்மைக் காரைப் பற்றிப் பேசப் போகிறான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டிலும் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு நாள் யாரும் சிரிக்கவில்லை. அந்த நாளைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் நிபுணன் இல்லை. காந்தி பஜார் பக்கம் மிக்ஸி, ஃபேன் பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பொம்மைக் கார் சேர்த்தேன், அதில் களைத்துப் போனேன், வீட்டாரின் உதவியால் மீண்டேன். அவ்வளவுதான் என் தகுதி. இங்கே இருப்பவர்களில் சிலர் நாணயம் சேர்க்கிறீர்கள். சிலர் பழைய ஸ்டாம்பு, வாட்ச். பிள்ளைகள் கார்டும் பொம்மையும். பொருள் எதுவானாலும் நான் விழுந்த பள்ளம் ஒன்றுதான்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது

2015இல் என் மகனுக்கு ஆறு வயது. திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அழுதவனைச் சமாதானப்படுத்த ஒரு சின்ன உலோகக் கார் வாங்கிக் கொடுத்தேன். உள்ளங்கையில் அடங்கும் நீல நிறக் கார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவனை விட எனக்குத்தான் ஆசை அதிகமாகிவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் பொம்மை வாங்கும் வசதி இல்லை. தீப்பெட்டியில் நூல் கட்டி இழுத்து விளையாடியவன் நான்.

தீப்பெட்டி என்றதும் ஒரு செய்தி. இந்தச் சின்னக் கார்களின் கதையே ஒரு தீப்பெட்டியில்தான் தொடங்குகிறது. லண்டனில் லெஸ்னி என்ற சிறு கம்பெனியில் ஜேக் ஓடல் என்ற பொறியாளர் இருந்தார். அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டு வரலாம் என்று விதி. மகளுக்காகப் பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். மற்றப் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்தார்கள். 1953இல் ‘மேட்ச்பாக்ஸ்’ கார்கள் கடைக்கு வந்தன. பிறகு 1968இல் அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி ‘ஹாட் வீல்ஸ்’ என்ற பெயரில் பதினாறு மாடல்களோடு வந்தது. ஆக, ஒரு அத்தா தன் பெண் பிள்ளைக்குச் செய்து கொடுத்த விளையாட்டுச் சாமான்தான் இதற்கெல்லாம் முன்னோடி.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இஷா தொழுதுவிட்டு வந்ததும் நானும் மகனும் தரையில் உட்காருவோம். டைல்ஸ் கோடுதான் ரோடு. இந்தக் கோடு திண்டிவனம் ரோடு, அந்தக் கோடு திருவண்ணாமலை ரோடு. தலையணையை அடுக்கினால் ராஜகிரி மலை. ஒன்றுக்கு அறுபத்து நான்கு என்ற அளவு என்னவென்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான்கு மீட்டர் நீளமுள்ள நிஜக் காரை அறுபத்து நான்கால் வகுத்தால் ஆறேகால் சென்டிமீட்டர். வாய்ப்பாடு வராத பையன் அந்தக் கணக்கை விரலில் போட்டான்.

ஆகவே பொம்மை என்றாலே வீண், சேகரிப்பு என்றாலே பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் விளையாட்டுப் பொம்மைகள் வைத்திருந்ததும், அவற்றின் நடுவே துணியால் இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்ததும் நாம் கேட்டிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் அதைப் பார்த்துவிட்டு இது என்ன, அதன் மேல் இருப்பது என்ன என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். குதிரைக்கு இறக்கையா என்று கேட்டதற்கு, சுலைமான் நபியிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வந்தது. அதைக் கேட்டு அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இந்தச் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. இதைப் பின்னால் மறுபடி சொல்வேன். எனக்குப் பாடமானது இதுதான்.

எங்கே தடம் மாறியது

முதல் மூன்று வருடத்தில் நாற்பது கார் இருந்திருக்கும். எல்லாமே அட்டையைக் கிழித்து விளையாடிய கார்கள். பிறகு போனில் சேகரிப்பாளர் குழுக்களில் சேர்ந்தேன். அங்கேதான் ‘ட்ரெஷர் ஹன்ட்’ என்ற விஷயம் தெரிந்தது. புதையல் வேட்டை. 1995இல் முதன்முதலில் பன்னிரண்டு மாடல்களை, மாடலுக்குப் பத்தாயிரம் என்ற குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் சாதாரணக் கார்களோடு கார்களாக சில அரிய கார்கள் கலந்து வரும். எந்தக் கடையில், எந்தக் கொக்கியில் தொங்கும் என்று யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நான் கார் வாங்கவில்லை, வேட்டையாடினேன். திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி என்று கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிக்கொண்டேன். ஆன்லைனில் இரவு பன்னிரண்டு மணிக்குப் புதுச் சரக்கு போடுவார்கள் என்று யாரோ சொன்னதால் அலாரம் வைத்து எழுந்தேன். அலாரத்துக்கு எழுந்தவன் ஃபஜ்ருக்கு எழவில்லை.

விலையும் ஏறியது. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி இருபது சதவீதத்திலிருந்து அறுபதானது. 2023இல் எழுபது ஆனது. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமானது. நம் நாட்டுத் தொழிலுக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் எடுத்த நடவடிக்கைகள் அவை. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் என்னைப் போன்றவன் மனதில் அது எப்படி வேலை செய்தது தெரியுமா? “இப்போது வாங்காவிட்டால் இனி கிடைக்காது” என்ற பயமாக. நூற்றைம்பது ரூபாய்ச் சாமானை எழுநூறுக்கு வாங்கினேன். வாங்கிய காரின் அட்டையைக் கிழித்தால் மதிப்புப் போய்விடும் என்றார்கள். அதனால் கிழிக்கவில்லை. சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.

2024 தொடக்கத்தில் எண்ணிப் பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு கார்கள். செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் கடைசி ஒன்றரை வருடத்தில் போனது. அந்தப் பாதிக்குள் இருபத்திரண்டாயிரம் ரூபாய், மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு என்று பீரோவில் தனிக் கவரில் வைத்திருந்த பணம். அதை எடுத்தது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரியும்.

களைப்பு எப்படி வந்தது

இவ்வளவு சேர்த்தவன் சந்தோஷமாக இருந்திருப்பான் என்றுதானே நினைப்பீர்கள்? சந்தோஷம் எப்போதோ போய்விட்டது. பார்சல் வரும், பிரிக்கத் தோன்றாது. கடை மேசைக்கு அடியில் பதினொரு பார்சல்கள் பிரிக்காமலே கிடந்தன. இன்னொருவர் அரிய கார் கிடைத்ததாகப் படம் போட்டால் வயிறு எரியும். எனக்கே கிடைத்தால் பத்து நிமிடம் நிம்மதி, பிறகு அடுத்தது. வாங்கினால் சலிப்பு, வாங்காமல் இருந்தால் பதற்றம். சோறு இறங்காது. வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை, ஐந்து வயது மகனோடு வந்திருந்தாள். நான் உள்ளே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டை கிழியும் சத்தம் கேட்டது. ஓடி வந்தால், பையன் நாற்காலி மேல் ஏறி ஒரு சிவப்புக் காரைப் பிரித்துவிட்டான். கையில் வைத்துக்கொண்டு, “மாமு, இது பறக்குமா?” என்று கேட்டான்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பையன் பயத்தில் நாற்காலியிலேயே சிறுநீர் கழித்துவிட்டான். காரை நான் கையிலிருந்து பிடுங்கவில்லை. அவனே கீழே வைத்தான். தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. பையனைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அன்று இரவு மகனிடம், “உன் காரையெல்லாம் பாழாக்கிட்டான் பார்” என்றேன். பதினைந்து வயதுப் பையன் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், “அத்தா, அது உங்க கார். எனக்குன்னு வாங்கினது அந்த நீலக் கார்தான்” என்றான்.

நபியவர்கள் ஒரு குழந்தையின் பொம்மைக் குதிரையைப் பார்த்து இறக்கையைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார்கள். என்னிடம் ஒரு குழந்தை இது பறக்குமா என்று கேட்டது. நான் அட்டையின் விலையைச் சொல்லிக் கத்தினேன்.

இதற்குப் பெயர் உண்டு

பிறகு ஒரு டாக்டரிடம் பேசியபோதும், நானாகப் படித்தபோதும் சில விஷயங்கள் விளங்கின.

‘பர்ன் அவுட்’ என்று சொல்கிறார்களே, எண்ணெய் வற்றித் திரி கருகும் நிலை, அந்தச் சொல்லை 1974இல் ஃப்ராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் கட்டுரையில் பயன்படுத்தினார். பிறருக்குச் சேவை செய்து செய்து வற்றிப் போனவர்களைப் பற்றி எழுதினார். உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் இதை விளக்கும்போது, இது வேலை தொடர்பான நிலை, வாழ்க்கையின் மற்ற விஷயங்களுக்கு இந்தச் சொல் பொருந்தாது என்று சொல்லியிருக்கிறது. அப்படியானால் பொழுதுபோக்கில் எப்படி வரும் என்று யோசித்தேன். என் நாளை எழுதிப் பார்த்ததும் பதில் கிடைத்தது. அதிகாலை ஓட்டம், இரவுக் காவல், மாதத்துக்கு இத்தனை என்று இலக்கு, கணக்குப் புத்தகம், போட்டியாளர்கள். சம்பளமும் விடுமுறையும் மட்டும் இல்லை. பொழுதுபோக்கு என்று பெயர் வைத்து நான் இரண்டாவது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் நிறுத்த முடியவில்லை? ஸ்கின்னர் என்ற அறிஞர் எலிகளையும் புறாக்களையும் வைத்துச் செய்த சோதனைகள் பிரபலமானவை. விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்தால், தீனி நின்றதும் அவை சீக்கிரம் விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி, சில முறை மட்டும் கிடைத்தால் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். அரிய கார் கலந்து வரும் கொக்கியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் ‘பிளைண்ட் பாக்ஸ்’ பொம்மையும், பிள்ளைகள் வாங்கும் கார்டு பாக்கெட்டும் அந்த விசைதான். இப்போது பிள்ளைகள் பையில் மாட்டிக்கொள்ளும் லபுபு பொம்மை அப்படிப் பெட்டியில் வருவதுதான். தம்பிமார்களே, வாங்காதே என்று சொல்லவில்லை. பெட்டியைப் பிரிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் பணம் கொடுக்கிறாய் என்று தெரிந்துகொண்டு வாங்கு.

சந்தோஷம் ஏன் போயிற்று? 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு ஆய்வு செய்தார்கள். படம் வரையப் பிடித்த சிறு குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பிரிவிடம் “வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். மற்றவர்களிடம் அப்படிச் சொல்லவில்லை. சில நாட்கள் கழித்து இஷ்டம் போல் விளையாட விட்டபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எனக்கு நடந்ததும் அதுவேதான். காரைப் பிடித்திருந்ததால் வாங்கினேன். பிறகு மதிப்புக்காகவும் பாராட்டுக்காகவும் வாங்கினேன். மதிப்பு உள்ளே வந்ததும் பிடித்தம் வெளியே போய்விட்டது.

அந்த மதிப்பாவது நிஜமா? நம் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பக்ரீத் நெருங்கும்போது ஒரு கிடாவுக்கு இருபத்தைந்தாயிரம் என்பார்கள். அது சொல்லும் விலை. யாராவது எண்ணிக் கையில் கொடுத்தால்தான் அது விலை. பெருநாள் முடிந்து போய்ப் பாருங்கள், அதே கிடாவை யார் கேட்கிறார்கள்? அமெரிக்காவில் 1990களில் ‘பீனி பேபீஸ்’ என்று சின்னத் துணிப் பொம்மைகளை முதலீடாக நினைத்து மக்கள் வாங்கிக் குவித்தார்கள். 1999இல் லாஸ் வேகாஸில் விவாகரத்தான தம்பதி, நீதிமன்றத் தரையில் குந்தி உட்கார்ந்து அந்தப் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் பரவியது. கொஞ்ச காலத்தில் பெரும்பாலான பொம்மைகளைக் கேட்க ஆள் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் சிரிக்கவில்லை.

மீண்ட வழி

முதலில் தப்பான வழியில்தான் போனேன். அந்த ஞாயிறு இரவே கோபத்தில் எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். ஒருவர் மொத்தத்துக்கு இருபத்தெட்டாயிரம் கேட்டார். சரி என்று சொல்லப் போனேன். என் மனைவி போனை வாங்கி வைத்தார்.

“இன்னைக்கு எதையும் விக்காதீங்க. எதையும் வாங்கவும் வேணாம். நாப்பது நாள் அப்படியே கிடக்கட்டும்” என்றார்.

அந்த நேரத்தில்தான் மகளின் பணத்தை எடுத்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கவர் கனம் குறைஞ்சது எனக்கு முன்னாடியே தெரியும். நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்” என்றார். சகோதரர்களே, கடன்காரன் முன்னால் கூட நான் அவ்வளவு கூனிப் போனதில்லை.

நாற்பது நாளில் செய்தவை இவை. சேகரிப்பாளர் குழுக்களிலிருந்து வெளியேறினேன். வாங்கும் செயலிகளைப் போனிலிருந்து எடுத்தேன். ஒரு நோட்டில் செலவு முழுவதையும் எழுதி மனைவியிடம் கொடுத்தேன். முதல் பத்து நாள் கை பரபரத்தது. இரவு பன்னிரண்டுக்குத் தானாக விழிப்பு வந்தது. இருபது நாளுக்குப் பிறகு தூக்கம் வந்தது. தூக்கம் வந்த பிறகுதான் எவ்வளவு களைத்திருந்தேன் என்றே தெரிந்தது.

நாற்பதாம் நாள் கழித்து, மேசைக்கு அடியில் கிடந்த பதினொரு பார்சல்களையும் மகனோடு உட்கார்ந்து பிரித்தேன். அதில் ஒரே கார் இரண்டு தடவை வந்திருந்தது. வாங்கியதே நினைவில்லை. இருவரும் சிரித்தோம். வெகு நாளைக்குப் பிறகு சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பிறகு மொத்தக் கார்களையும் மூன்றாகப் பிரித்தோம். பார்த்ததும் ஒரு நினைவு வருகிறவை ஒரு பக்கம். பிறருக்குப் பயன்படுகிறவை ஒரு பக்கம். விலைக்காக மட்டும் வைத்திருந்தவை ஒரு பக்கம். முதல் பக்கத்தில் வந்தது தொண்ணூறு கூட இல்லை. மூன்றாவதைப் பொறுமையாக, ஆறு மாதத்தில், சொல்லும் விலைக்கு இல்லாமல் கேட்ட விலைக்கு விற்றேன். நஷ்டம்தான். அந்த நஷ்டத்தை மறுபடி வாங்கி ஈடுகட்டலாம் என்று நினைக்காமல் இருந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். மகளின் பணத்தை மாதம் இரண்டாயிரமாகப் பதினொரு மாதத்தில் கவரில் திருப்பி வைத்தேன். விற்ற பணத்தில் மொத்தமாக வைத்திருக்கலாம். “உழைச்ச காசுல வைங்க, அப்பதான் மறக்காது” என்றார் மனைவி. விற்ற பணம் வீட்டுச் செலவுக்குப் போனது.

இன்றைக்கும் நான் சேகரிப்பாளன்தான். ஆனால் ஒரே ஒரு அலமாரி. அதில் இடம் இருந்தால்தான் புதுக் கார். இல்லையென்றால் ஒன்று வெளியே போனால்தான் ஒன்று உள்ளே வரும். மாதத்துக்கு ஒரு தொகை, அதை மனைவிக்குத் தெரிந்து எடுப்பேன். வாங்கியதை அன்றே பிரிப்பேன். சந்தை விலை பார்க்க மாட்டேன். சில மாதம் எதுவும் வாங்கத் தோன்றாது. தோன்றவில்லையே என்று பயப்படுவதும் இல்லை.

வீட்டாருக்குச் சில வார்த்தைகள்

மனைவிமார்களே, தாய்மார்களே, வீட்டில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டால் அவர்கள் இல்லாதபோது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேலியும் வேண்டாம். கேலி செய்தால் ஒளித்து வைப்பார்கள். ஒளிப்பதில்தான் கேடு தொடங்குகிறது. “இதில் உங்களுக்கு எது பிடிக்கும், காட்டுங்க” என்று கேளுங்கள். காட்டத் தெரியாமல் விலையை மட்டும் சொன்னால், அவர் களைத்துவிட்டார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் கார்டும் பொம்மையும் சேர்த்தால், எத்தனை இருக்கிறது என்று கேட்காமல் அதை வைத்து என்ன விளையாடினாய் என்று கேளுங்கள். பிறர் பிள்ளையிடம் இருப்பதைச் சுட்டிக்காட்டி வாங்கித் தராதீர்கள்.

பொம்மையைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால் உடைந்ததைக் கொடுக்காதீர்கள். சக்கரம் கழன்று வரும் சின்னச் சாமான்களை மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும்.

கடன் வாங்கியோ பொய் சொல்லியோ வாங்குவது நிற்கவில்லை, பல வாரமாகத் தூக்கம் இல்லை, வாழ்க்கையே வெறுக்கிறது என்றால், அது நாற்பது நாள் வைத்தியத்தில் தீராது. வெட்கப்படாமல் டாக்டரைப் பாருங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கம்தான். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி இருக்கிறது; தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக

போன மாதம் என் மகனோடும் தங்கை மகனோடும் கோட்டைக்குப் போயிருந்தேன். அங்கே கீழே களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு கனத்த சுவர், எவ்வளவு பெரிய கூடம். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை இது. அப்படிப்பட்ட இடத்தில் தானியத்தைச் சேர்த்து வைப்பது உயிர் காக்கும் வேலை. சேர்த்தவர்களுக்கு அது எதற்கு என்று தெரியும்: உள்ளே இருப்பவர்கள் சாப்பிடுவதற்கு. நான் அறுநூறு காரைச் சேர்த்தபோது எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

தங்கை மகனுக்கு இப்போது ஆறு வயது முடிந்துவிட்டது. நான்கு மாதம் கழித்து நானே தங்கை வீட்டுக்குப் போய், அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். சின்னப் பிள்ளையிடம் என்ன மன்னிப்பு என்று தங்கையே சொன்னாள். பயந்தது அவன்தானே, அவனிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். அவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு முதல் நாள் வெளியே வரவே இல்லை. மூன்றாவது தடவை போனபோதுதான் வந்தான்.

அன்று கோட்டையில் களஞ்சியத்துக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தபோது, பையன் சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்புக் காரை எடுத்தான். பெயின்ட் உரிந்து, ஒரு சக்கரம் வளைந்திருந்தது. கல்லின் மேல் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, “மாமு, இது பறக்குமா?” என்று மறுபடியும் கேட்டான். மறந்து கேட்டானா, நினைவு வைத்துக் கேட்டானா, எனக்குத் தெரியாது.

“இறக்கை எங்கே வைக்கலாம், சொல்” என்றேன். வீட்டுக்கு வரும் வரை அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தோம்.

 என் பேச்சில் தவறு இருந்தால் மன்னியுங்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளிடம் அவர்களுடைய பொம்மையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.